எஸ்.ஏ.பி. என்பதன் விரிவு யாது?



பெரிய தொழிற்சாலைகளிலும் அலுவலகங்களிலும் பணிபுரியும் பெற்றோர் பலர் நாள்தோறும் பயன்படுத்தும் மென்பொருள் ஒன்று உண்டு. சரக்கு வரவைப் பதிவது, விலைப்பட்டியல் அனுப்புவது, மாதக் கணக்கை முடிப்பது, சம்பளம் கணக்கிடுவது எனப் பல பணிகள் அதன் வழியே நடைபெறுகின்றன. அதன் பெயர் எஸ்.ஏ.பி. சிலர் அதனைச் ‘சாப்’ என்று ஒரே சொல்லாகவும் கூறுவர்.

இம்மூன்று எழுத்துகளின் விரிவு என்ன என்று வினவினால், பெரும்பாலோர் ஊகித்தே விடை கூறுவர். ‘சிஸ்டம்’ என்று தொடங்குவர். ‘அக்கவுண்டிங்’ என்று தொடர்வர். ‘புரோகிராம்’ என்று முடிப்பர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். பொருத்தமாக இருப்பதனாலேயே அதனை எவரும் சரிபார்ப்பதில்லை. இச்சிறு பெயரின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வோம்.

1972ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஐந்து பொறியாளர்கள் வெளியேறிச் சொந்தமாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கினர். டீட்மார் ஹோப், ஹாசோ பிளாட்னர், கிளவுஸ் சிரா, ஹான்ஸ்-வெர்னர் ஹெக்டர், கிளவுஸ் வெல்லன்ரொய்தர் என்போர் அவ்வைவர். அவர்களிடம் சொந்தக் கணினிகூட இல்லை. முதல் வாடிக்கையாளரான ஐ.சி.ஐ. நிறுவனத்தின் நைலான் ஆலை ஓஸ்ட்ரிங்கன் என்னும் ஊரில் இருந்தது. வாடிக்கையாளரின் கணினி ஓய்வாக இருக்கும் இரவுகளிலும் வார இறுதிகளிலும் அமர்ந்து அவர்கள் நிரல் எழுதினர்.

அந்நிறுவனத்திற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சிஸ்டேம்அனாலூசே புரோகிராம்என்ட்விக்லுங்’. ‘முறைமைப் பகுப்பாய்வு, நிரல் உருவாக்கம்’ என்று தமிழில் கூறலாம். ஈண்டு ஒன்றைக் கவனிக்க வேண்டும். எழுத்துகள் மூன்று, சொற்களோ இரண்டு! நம் தொகைச்சொற்களைப் போல ஜெர்மானிய மொழியிலும் சொற்கள் ஒட்டி ஒரே சொல்லாக நிற்கும். ‘சிஸ்டேம்அனாலூசே’ என்னும் ஒரு சொல்லிலிருந்து எஸ், ஏ என இரண்டு எழுத்துகள் எடுக்கப்பட்டன. அடுத்த சொல்லிலிருந்து பி மட்டுமே எடுக்கப்பட்டது. ‘என்ட்விக்லுங்’ என்னும் பகுதிக்கு இடமே தரப்படவில்லை. எழுத்துக்கு ஒரு சொல்லாக ஆங்கிலத்தில் தேடுபவர் எத்தனை நாள் ஊகித்தாலும் இவ்விடையை அடைய இயலாது.

வரலாறு இத்துடன் முடியவில்லை. 1976இல் நிறுவனத்தின் சட்ட வடிவம் மாறியபோது விரிவும் மாறியது. ‘தரவுச் செயலாக்கத்திற்கான முறைமைகள், பயன்பாடுகள், தயாரிப்புகள்’ என்பது புதிய விரிவின் பொருள். இன்று பலரும் கூறும் ‘சிஸ்டம்ஸ், அப்ளிகேஷன்ஸ், புராடக்ட்ஸ்’ என்பது இந்த இரண்டாம் விரிவின் ஆங்கில வடிவமே. 2005இல் அந்த நீண்ட பெயரும் நீக்கப்பட்டு, எஸ்.ஏ.பி. என்பதே நிறுவனத்தின் முறையான பெயராயிற்று. விரிவிலிருந்து பிறந்த சுருக்கம், விரிவு இல்லாமலே வாழத் தொடங்கிவிட்டது.

சரி, நிறுவனம் ஜெர்மானியம், எனவே எல்லாச் சுருக்கங்களையும் ஜெர்மன் மொழியில் தேடினால் போதும் என்று எண்ணலாமா? அதுவும் பொருந்தாது. 1992இல் வெளிவந்த புகழ்பெற்ற தயாரிப்பின் பெயர் ஆர்/3. இதிலுள்ள ஆர் என்னும் எழுத்து ‘ரியல் டைம்’, அதாவது நிகழ்நேரம் என்பதைக் குறிக்கும். ஜெர்மன் மொழியில் நிகழ்நேரத்திற்கு ‘எக்ட்சைட்’ என்னும் சொந்தச் சொல் உண்டு. ஆயினும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே பெயராயிற்று. அவ்வெழுத்து அந்நிறுவனத்தின் தொடக்க நோக்கத்தையே சொல்கிறது. அக்காலத்தில் தரவுகளைத் துளையட்டைகளில் பதிந்து, மொத்தமாகச் சேர்த்து, பின்னரே கணினியில் செலுத்துவது வழக்கம். பதிந்த கணமே கணக்கு மாற வேண்டும் என்பது அவ்வைவரின் கனவு. அக்கனவின் எச்சமே அந்த ஆர்.

அம்மென்பொருளுக்கு நிரல் எழுதப் பயன்படும் மொழியின் பெயர் அபாப். தொடக்கத்தில் அதற்குப் ‘பொதுவான அறிக்கை ஆயத்தச் செயலி’ என்னும் பொருள்தரும் ஜெர்மானிய விரிவு இருந்தது. அறிக்கை தயாரிக்கும் கருவி முழு நிரல்மொழியாக வளர்ந்தபின், அதே எழுத்துகளுக்கு ‘அட்வான்ஸ்டு பிசினஸ் அப்ளிகேஷன் புரோகிராமிங்’ என்று ஆங்கில விரிவு பொருத்தப்பட்டது. சட்டை அதேதான், உள்ளே இருக்கும் ஆள் வேறு!

இது நமக்குப் புதிய செய்தியன்று. மலேசியப் பள்ளிகளில் 1988 முதல் நடைபெற்று, 2021இல் நீக்கப்பட்ட யு.பி.எஸ்.ஆர். தேர்வை எண்ணிப் பாருங்கள். எழுத்துகளை ஆங்கில முறையில் ஒலித்தோம். விரிவோ ‘உஜியான் பெஞ்சாப்பாயான் செகோலா ரெண்டா’ என்னும் மலாய்த் தொடர். நம் பள்ளிகளின் பெயருக்கு முன்னே நிற்கும் எஸ்.ஜே.கே.(தி) என்பதும் அவ்வாறே. சிங்கப்பூர் ஆசிரியரிடம் எஸ்.ஏ.பி. என்றால், அவர் 1979இல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளைத்தான் நினைப்பார். எழுத்து ஒன்றே, இடம் மாறினால் பொருளும் மாறுகிறது.

பொது அறிவுப் புதிர்ப் போட்டிகளில் சுருக்கங்களின் விரிவைக் கேட்பது நம் வழக்கம். விடைத்தாளில் ஒரே விடைதான் இருக்கும். எஸ்.ஏ.பி.க்கு 1972இன் விரிவைக் கூறிய மாணவனுக்குப் புள்ளி தருவோமா? 1976இன் விரிவைக் கூறியவனுக்கு? இப்போது விரிவே இல்லை என்பவனுக்கு? மூவரும் சரியான விடையையே கூறுகின்றனர். ஊகித்து ஆங்கிலத்தில் அழகாகக் கூறியவனுக்கு மட்டும் புள்ளியைத் தந்துவிட்டு மற்றவர்களை அமரச் சொன்னால், ஊகமே அறிவு என்று நாமே கற்பித்தவர்களாவோம்.

ஊகிப்பது தவறன்று, குழந்தைகள் ஊகித்துப் பழகட்டும். ஊகித்தபின் மூன்று வினாக்களைக் கேட்கவும் பழக வேண்டும். இப்பெயரை இட்டவர் யார்? எந்த மொழியில் இட்டார்? எந்த ஆண்டில் இட்டார்? இம்மூன்றுக்கும் விடை தேடும் மாணவன் ஒரு சொல்லை மட்டும் அறிவதில்லை. அதன் பின்னால் இரவு முழுவதும் கண்விழித்து உழைத்த மனிதர்களையும் அறிகிறான்.

பெற்றோர்களே, உங்கள் அலுவலகத்தில் வழங்கும் சுருக்கம் ஒன்றை இன்றிரவு பிள்ளைகளிடம் கூறுங்கள். முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு இருவரும் சேர்ந்து உண்மையைத் தேடுங்கள்.