குறுங்கோல்ப் திடலும் ஓய்வுக்கால வாழ்வும்: ஊவா மலைகளிலிருந்து ஒரு நோக்கு

உழைப்பின் முடிவிலே ஓய்வு தானாகவே வந்து சேரும் என்று கருதுவது பொதுவழக்கு. வரலாற்றை நோக்குமிடத்து அஃது அவ்வாறன்று என்பது புலனாகும். முதுமையிலே ஒருவர் இளைப்பாற வேண்டுமாயின் உழைக்காத நாளுக்கும் உணவளிக்கும் வருவாய் ஒன்று வேண்டும். அவரை எவரும் எழுப்பிவிட முடியாத இடம் ஒன்றும் வேண்டும். இவ்விரண்டும் ஒருங்கே கிடைத்த மக்கள் கூட்டத்தினர், கிடைத்த ஓய்வை எவ்வாறு கழித்தனர் என்பதைக் காட்டும் சின்னங்களுள் ஒன்று, அமெரிக்க ஓய்வுக்காலக் குடியிருப்புகளில் அமைந்த குறுங்கோல்ப் திடலாகும். பணக்காரரின் பொழுதுபோக்கைப் பற்றித் தேயிலை நாட்டிலே ஏன் பேச வேண்டும் என்று சிலர் வினவலாம். கோல்ப் திடலையும் மலையகம் அறியும்; உழைத்து ஓய்ந்த முதியோரையும் அது அறியும். இரண்டையும் ஒரே நிலத்தில் அது கண்டதில்லை என்பதே இவ்வினாவுக்கு விடையாகும்.

கோல்ப் விளையாட்டு என்றவுடன் பதினெட்டுக் குழிகளும் பரந்த புல்வெளியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. இவ்வெண்ணிக்கை தொன்றுதொட்டு வந்ததன்று. ஸ்கொத்லாந்தின் லீத் நகரிலே ஐந்து குழிகளே இருந்தன. சென் அன்ட்ரூஸ் நகரின் திடலிலே இருபத்திரண்டாக இருந்த ஆட்டம் 1764 ஆம் ஆண்டிலேதான் பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. 1860 இல் பிரெஸ்ட்விக்கிலே நடந்த முதலாவது பகிரங்கப் போட்டி பன்னிரண்டு குழித் திடலொன்றிலே மும்முறை சுற்றி ஆடப்பட்டது. எனவே, சிறு திடல் என்பது பெருந்திடலின் சிதைந்த வடிவம் என்று எண்ணுவது பொருந்தாது. கிடைத்த நிலத்துக்கு ஏற்ப ஆடுவதே ஆதி வழக்கம். பதினெட்டு என்ற அளவு பின்வந்த சட்டம்.

வேண்டுமென்றே குறுக்கி அமைக்கப்பட்ட திடலின் வரலாறு பெண்களோடு தொடங்குகிறது. 1867 இல் சென் அன்ட்ரூஸ் நகரிலே பெண்களுக்கெனக் கழகமொன்று தோன்றியது. மேடும் பள்ளமுமான ஒரு சிறு புற்றரையிலே பந்தை உருட்டிக் குழியில் இடுவதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஆட்டம். அப்புற்றரைக்கு 'ஹிமாலயாஸ்' என்று பெயர் வழங்கலாயிற்று. தோளுக்கு மேலே மட்டையை ஓங்குதல் பெண்ணின் அடக்கத்துக்கு ஒவ்வாது என்று அக்காலத்து ஆடவர் கருதினர். பெண்ணின் அடி எழுபது எண்பது யார் தொலைவுக்குள் நிற்பதே தகும் என்று 1890 இல் வெளிவந்த கோல்ப் நூலொன்றிலே பிரபு ஒருவர் எழுதவும் செய்தார். வலிமையற்றோர் என்று ஒதுக்கப்பட்டவருக்கு ஒதுக்கப்பட்ட நிலமே குறுந்திடலாகப் பிறந்தது. நூறாண்டு சென்றபின் முதியோர் அந்நிலத்தைத் தாமே விரும்பித் தேடிச் சென்றனர் என்பது நயமானதொரு திருப்பம்.

அத்திருப்பத்துக்குக் காரணம் விளையாட்டிலன்று, பொருளாதாரத்திலே உள்ளது. பிரித்தானியாவிலே 1908 ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டமும், அமெரிக்காவிலே 1935 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும், உழைப்புக்கும் மரணத்துக்கும் இடையே புதியதொரு பருவத்தை உண்டாக்கின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தொழிற்சங்கங்கள் வென்றெடுத்த ஓய்வூதியங்களும் மருத்துவ வளர்ச்சியும் அப்பருவத்தை நீட்டின. நீண்ட பருவத்தை நிரப்புவதற்கு வணிகர் முன்வந்தனர். அரிசோனா மாநிலத்தின் பாலைநிலத்திலே 1954 இல் யங்டவுன் தோன்றியது. அதனருகே டெல் வெப் என்னும் கட்டட ஒப்பந்தகாரர் 1960 ஜனவரி முதலாந் திகதி சன் சிற்றியைத் திறந்துவைத்தார். வீடுகள் முழுமையாகக் கட்டி முடியுமுன்னரே கோல்ப் திடலும் பொழுதுபோக்கு மண்டபமும் கடைத்தொகுதியும் அங்கே ஆயத்தமாக இருந்தன. வீட்டைக் காட்டி விற்காது வாழ்க்கைமுறையைக் காட்டி விற்கும் புதிய வணிகம் அது. அதனைத் தொடர்ந்தெழுந்த குடியிருப்புகள் பலவற்றிலே ஒன்பது குழிகள் மட்டுமே கொண்ட குறுந்திடல்கள் இடம்பெறலாயின. புளோரிடாவின் 'த வில்லேஜஸ்' என்னும் பெருங்குடியிருப்பிலே இத்தகைய திடல்கள் பல உண்டு. குடியிருப்போர் அவற்றில் ஆட்டக் கட்டணமின்றி ஆடலாம் என்பதே அதன் விளம்பரத்தின் சாரமாயிற்று.

ஒரு குழியைத் திறமையுள்ள ஆட்டக்காரர் எத்தனை அடியிலே முடித்தல் வேண்டும் என்ற கணக்கைப் 'பார்' என்பர். பெருந்திடலிலே அது மூன்று, நான்கு, ஐந்து என வேறுபடும். முழு ஆட்டத்துக்கு ஆறாயிரம் யாருக்கு மேற்பட்ட தொலைவும் நான்கு மணி நேரமும் வேண்டியிருக்கும். குறுந்திடலிலோ எல்லாக் குழிகளும் அல்லது பெரும்பாலான குழிகள் மூன்றடிக் குழிகளே. நூறு, நூற்றைம்பது யார் தொலைவிலே குழி நிற்கும். ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒன்பதையும் முடித்துவிட்டு மதிய உணவுக்கு வீடு திரும்பலாம். காலமும் செலவும் குறைவு என்பதே இதன் கவர்ச்சி என்று பலர் கூறுவர். முதியவருக்குக் காலத்திலே என்ன பஞ்சம்? உண்மைக் காரணம் வேறாக இருத்தல் வேண்டும்.

முதுமை மனிதனிடமிருந்து யாவற்றையும் ஒருசேரப் பறிப்பதில்லை. தோளின் வேகமும் இடுப்பின் சுழற்சியும் முதலிலே தளர்கின்றன. அதனால் பந்து செல்லும் தொலைவு ஆண்டுக்காண்டு குறைகிறது. ஆனால் நிலத்தின் சரிவைக் கண்ணால் அளப்பதும், புல்லின் ஈரத்தைக் கணிப்பதும், மணிக்கட்டால் பந்தை மெல்ல எழுப்பி உரிய இடத்தில் விழச் செய்வதும் நெடுங்காலம் நிலைத்திருப்பன. பெருந்திடல் இழந்ததை ஒவ்வோர் அடியிலும் நினைவூட்டும். குறுந்திடல் எஞ்சியதைக் கொண்டே ஆட்டத்தை நடத்தும். எழுபது வயதுப் பாட்டனார் தம்மைக் காணவந்த பேரனோடு அங்கே ஏறத்தாழச் சமமாக நிற்கலாம். கணவனும் மனைவியும் ஒரே குழுவில் ஆடலாம். புதிதாகக் கற்பவரும் வெட்கமின்றி இறங்கலாம். துணையை இழந்தவர் தனியே போய் நின்றாலும் எவரேனும் சேர்த்துக்கொள்வர். சலுகை என்று கூறாமலே சலுகை வழங்குவது அத்திடல். கிழவனாகிவிட்டாய் என்று சொல்லாமலே கிழவனுக்கேற்ற அளவிலே உலகை வெட்டித் தருகிறது. இதனை நன்குணர்ந்தவர்கள் மட்டையைத் தொடாதவர்களே எனலாம். ஆட்டமே ஆடாதார் பலரும் திடலோரத்து வீடுகளை விரும்பி வாங்குகின்றனர். தம் சாளரத்துக்கு எதிரே நாளை வேறொரு கட்டடம் எழாது, வெட்டிய பசும்புல் அவ்வாறே இருக்கும் என்ற உறுதியையே அவர்கள் விலைகொடுத்து வாங்குகின்றனர்.

இனி இந்நாட்டு மலைகளுக்கு வருவோம். கொழும்பிலிருந்து ஊவாவுக்கு ஏறிவரும் பெருந்தெரு பெரகலையிலே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கொஸ்லாந்தை வழியாக வெல்லவாயாவுக்கு இறங்குகிறது. மற்றது அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலி எலயை நோக்கிச் செல்கிறது. இம்மலைகளின் குளிர்காற்று பிரித்தானியருக்குத் தம் தாயகத்தை நினைவூட்டியது. வெப்பத்தால் நலிந்த உத்தியோகத்தர் உடல்தேறும் இடமாக நுவரெலியா முதலில் உருப்பெற்றது. 1889 இல் அங்கே கோல்ப் கழகம் நிறுவப்பட்டது. அத்திடலின் ஓரத்துப் பழைய மயானத்திலே, நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டுக்கொன்றவரும் பதுளையிலே அதிகாரம் செலுத்தியவருமான மேஜர் ரோஜர்ஸ் புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் 1845 இல் அப்புத்தளையிலே இடி தாக்கி இறந்தவர். அவருடைய கல்லறையையும் இடி விட்டுவைக்கவில்லை என்பர். புகையிரதம் 1894 இல் பண்டாரவளையை எட்டியபின் ஊவாவும் நலவாழ்வுத் தலமாயிற்று.

ஆயினும் தோட்டத்துரைமாருள் பெரும்பாலோர் இங்கே முதுமையைக் கழிக்கவில்லை. பணி முடிந்ததும் கப்பலேறினர். தங்கியவர்களுள் குறிப்பிடத்தக்கவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். 1887 இல் தோட்டத்தொழில் பயில வந்து, பின்னர் கொழும்பு வணிக நிறுவனமொன்றின் தலைவராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் உயர்ந்த அவர், 1931 இல் அப்புத்தளை மலைமுகட்டிலே அடிஷாம் மாளிகையைக் கட்டிக் குடியேறினார். இங்கிலாந்துக் கிராமமொன்றின் பெயர், இங்கிலாந்து நாட்டு மாளிகையின் அமைப்பு, பூந்தோட்டம், இருபுறமும் பள்ளத்தாக்கு. 1961 முதல் அது பெனடிக்ற் துறவியரின் மடமாக விளங்குகிறது. சன் சிற்றி மனிதர் கூட்டமாக விலைக்கு வாங்கியதை வில்லியர்ஸ் தனியொருவராகக் கட்டிக்கொண்டார் என்பதன்றி, இரண்டுக்கும் அடிப்படையிலே வேறுபாடில்லை. அடைக்கப்பட்ட பசுமை, கட்டுக்குள் அடங்கிய நிலம், அதன் நடுவே அமைதியான முதுமை.

அம்மாளிகையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலே கொழுந்து பறித்தவரின் முதுமை எவ்வாறு கழிந்தது? பிரட்டுக்களத்திலே பெயர் கூப்பிடப்படும் வரையிலேதான் தொழிலாளிக்குத் தோட்டத்திலே இடம். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்ற அளவிலான லயக்காம்பிரா வேலையோடு பிணைக்கப்பட்டது. பெயர் வெட்டுண்டவர், மகனோ மருமகளோ தொடர்ந்து பெயர் பதிந்திருந்தால் மாத்திரமே அதே காம்பிராவின் மூலையில் ஒதுங்கலாம். 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகுத்தது. இளமையை இம்மலைகளுக்குக் கொடுத்தவர்கள், தாம் பிறந்தே அறியாத ஊருக்கு முதுமையைக் கொண்டுபோக நேர்ந்தது. துரைக்குத் தாயகம் திரும்புதல் ஓய்வின் பரிசு. தொழிலாளிக்கு அதுவே தண்டனை. எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் தீர்வை எட்டியது.

வருவாயைப் பொறுத்தவரை நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது என்பதை மறுத்தற்கில்லை. 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டமும் 1983 இல் பணிக்கொடைச் சட்டமும் வந்தன. நாட்கூலி பெறுபவருக்குச் சேவை ஆண்டொன்றுக்குப் பதினான்கு நாட் சம்பளம் பணிக்கொடையாக உரியது. ஆனால் மொத்தமாகக் கைக்கு வரும் அத்தொகை பெரும்பாலும் மகளின் திருமணத்திலோ பழைய கடனிலோ கரைந்துவிடுகிறது. மாதந்தோறும் வரும் ஓய்வூதியத்தின் உறுதி அதற்கில்லை. இடத்தைப் பொறுத்தவரையோ மாற்றம் மிக மெதுவானது. பெரகலையிலிருந்து கொஸ்லாந்தைப் பக்கமாகச் செல்லும் மலைச்சரிவிலே, 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி, மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்சரிவிலே புதையுண்டன. அவ்விடம் அபாயமானது என்று முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. தப்பியவர்கள் நெடுநாள் தேயிலைத் தொழிற்சாலையொன்றிலே தங்கியிருந்தபின் 2016 இல் புதிய வீடுகளைப் பெற்றனர். தோட்டக் குடும்பமொன்றுக்கு ஏழு பேர்ச் நிலம் என்ற அளவு அக்காலத்திலேதான் அரச கொள்கையாக வலுப்பெற்றது. அதே அரசு, ஐம்பத்தைந்து வயதைக் கடந்த வெளிநாட்டினர் இங்கு வந்து ஓய்வுக்காலத்தைக் கழிப்பதற்கென வதிவிட விசாத் திட்டமொன்றையும் அறிமுகப்படுத்தியிருந்தது. தொழிலாளர் ஆடவர் சேமலாப நிதியை மீளப்பெறும் வயதும் ஐம்பத்தைந்தே.

ஒரு சிறு கணக்கு இங்கே பொருத்தமாகும். ஒன்பது குழிகொண்ட குறுந்திடலொன்றுக்குச் சுமார் இருபத்தைந்து ஏக்கர் நிலம் போதும். பதினெட்டுக் குழிப் பெருந்திடலுக்கோ நூற்றிருபது ஏக்கருக்குக் குறையாது வேண்டும். ஏக்கரொன்று நூற்றறுபது பேர்ச். ஆகவே மிகச் சிறிய திடலொன்றின் பரப்பிலே ஏழு பேர்ச் வீதம் 571 குடும்பங்களுக்கு நிலம் வழங்கலாம். திடலை ஒழித்து வீடு கட்டுக என்று கூறுவதற்காக இக்கணக்கு இடப்படவில்லை. மலையகத்திலே திடல்கள் மிகச் சிலவே. முதியோர் சிலர் காலைப்பொழுதைக் கழிப்பதற்கு நிலம் எத்துணைத் தாராளமாக அளக்கப்பட்டது என்பதையும், வேறு சிலர் வாழ்நாள் முழுவதற்கும் அஃது எத்துணைச் சிக்கனமாக அளக்கப்படுகிறது என்பதையும் ஒரே அளவுகோலால் காண்பதற்கே இடப்பட்டது.

தோட்டத்து முதியோருக்கும் எஞ்சிய திறமைக்கு இடந்தரும் ஆடுகளம் ஒன்று இல்லாமலில்லை. மாசி மாதத்திலே காமன் கூத்து ஆடப்படும் காமன் பொட்டலைக் கருதுக. கால் தளர்ந்து ஆட முடியாத கிழவர் அங்கே ஒதுக்கப்படுவதில்லை. பாட்டும் அடவும் அறிந்த மாஸ்டராக அவரே நடுவே நிற்கிறார். இளைஞன் தாளம் தப்பினால் அவருடைய குரல்தான் உயரும். ரதியாக ஆடிய காலத்தை அவர் இழந்தார், ஆயினும் ஆட்டம் அவரை இழக்கவில்லை. குறுந்திடல் செல்வர்க்குச் செய்ததை அப்பொட்டல் ஏழைக்குச் செய்கிறது. பந்தலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். சமனான வெளி கொஞ்சம் போதும். ஆனால் அந்நிலமும் தோட்ட நிருவாகத்துக்குரியது. கம்பம் நடுவதற்கு அனுமதி கேட்டே நடவேண்டியிருக்கிறது.