காரில்லாத ஸ்டீயரிங்

1974-ல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் ‘கிரான் டிராக் 10’ என்ற கார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. திரையில் வெள்ளைப் புள்ளிகளால் வரைந்த ஒரு பாதை, அதில் எறும்பளவு கார், அவ்வளவுதான் படம். ஆனால் பெட்டியின் முன்பக்கம் ஸ்டீயரிங் இருந்தது, கியர் இருந்தது, கீழே ஆக்ஸிலேட்டரும் பிரேக்கும் இருந்தன. திரையால் காட்ட முடியாத காரைக் கைக்கும் காலுக்கும் கொடுத்துவிட்டார்கள். தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த விலைக்கு விற்று அட்டாரி இதில் கையைச் சுட்டுக்கொண்டது தனிக்கதை. வீடியோ கேமில் ஸ்டீயரிங்கின் வாழ்க்கை இப்படி நட்டக்கணக்கில்தான் தொடங்கியது.

வீட்டுக்குள் வரும்போது அதற்கு முதல் அடி விழுந்தது. 1977-ல் அட்டாரியின் வீட்டுக் கருவிக்கு ‘இண்டி 500’ வந்தபோது, கூடவே கொடுத்த ‘டிரைவிங் கன்ட்ரோலர்’ உள்ளங்கையில் அடங்கும் ஒரு குமிழ். எந்தப் பக்கமும் முடிவில்லாமல் திருகலாம். ஸ்டீயரிங்கில் சுற்றுவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கழற்றிப் போட்டது போல.

1980-களில் அந்தக் குமிழும் போய்விட்டது. நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982-ல் கையடக்க விளையாட்டு ஒன்றுக்காகக் கூட்டல் குறி வடிவப் பொத்தானை வடிவமைத்தார். அடுத்த ஆண்டு அந்நிறுவனத்தின் வீட்டுக் கருவியான ஃபாமிகாம் வந்தபோது அது அந்தக் கருவியின் கேம்பேடில் ஏறியது. குதிப்பதற்கும் ஓடுவதற்கும் அருமையான பொத்தான். கார் ஓட்டுவதற்கு? இடம் என்றால் முழு இடம், வலம் என்றால் முழு வலம். கொஞ்சமாகத் திருப்புவது என்ற பேச்சே இல்லை. ஆகவே வளைவில் பொத்தானைத் தட்டித் தட்டி விட்டார்கள். ஒரு தலைமுறையே அப்படித்தான் ஓட்டக் கற்றது.

அதே காலத்தில் ஆர்கேட் கூடங்களில் ஸ்டீயரிங் ராஜாவாக இருந்தது. யூ சுசுகி உருவாக்கிய சேகாவின் ‘அவுட் ரன்’ (1986) பெரிய பெட்டியில் உட்கார்ந்தால் இருக்கையே இடமும் வலமும் ஆடும். 1989-ல் அட்டாரி கேம்ஸின் ‘ஹார்ட் டிரைவின்’ இன்னும் ஒரு படி மேலே போனது: திருப்பிக் கிளப்ப சாவி, மிதிக்க கிளட்ச், எதிர்த்துத் தள்ளும் ஸ்டீயரிங். காரின் இயக்கவியலில் நிபுணரான டக் மில்லிக்கனை ஆலோசகராக வைத்துக்கொண்டு செய்தது. நாம்கோவோ ‘ரிட்ஜ் ரேசர்’ விளையாட்டுக்கு நிஜமான மாஸ்டா காரையே பெரிய திரைக்கு முன்னால் நிறுத்திவிட்டது. காரை விளையாட்டுக்குள் கொண்டுவந்து கொண்டுவந்து, கடைசியில் விளையாட்டைக் காருக்குள் வைத்தார்கள்.

வீட்டில் காரை நிறுத்த முடியாது. அந்தச் சங்கடத்துக்கு நாம்கோ 1995-ல் கண்ட விடை எனக்கு மிகவும் பிடித்தது: நெக்கான். பார்த்தால் பிளேஸ்டேஷனின் சாதாரண கேம்பேட் போலிருக்கும். ஆனால் நடுவில் ஒரு மூட்டு; துணி பிழிவது போல இரண்டு பாதிகளையும் எதிரெதிராக முறுக்கலாம். முறுக்கின் அளவே ஸ்டீயரிங்கின் அளவு. சில பொத்தான்களும் அழுத்தத்தின் அளவைச் சொல்லும், ஆகவே ஆக்ஸிலேட்டரைப் பாதி மிதிக்கலாம். கட்டைவிரல் செய்த வேலையை இரண்டு மணிக்கட்டுகளுக்கு மாற்றிய அந்தப் பொருள், ஸ்டீயரிங்குக்கும் கேம்பேடுக்கும் நடுவே நின்ற ஒரே உருப்படியான சமரசம். அதை விரும்பியவர்கள் வெறித்தனமாக விரும்பினார்கள், ஆனாலும் அந்த வழி வளரவில்லை.

காரணம், கேம்பேடே மாறிவிட்டது. 1996-ல் நின்டெண்டோ 64 கருவி கட்டைவிரலுக்கு ஒரு சிறு கம்பியைத் தந்தது. அடுத்த ஆண்டு சோனியின் டுயல்ஷாக் இரண்டு கம்பிகளும் அதிரும் மோட்டார்களுமாக வந்தது. கொஞ்சமாகத் திருப்புவது இப்போது சாத்தியம்.

ஆனால் இங்கே ஒரு கண்கட்டு இருக்கிறது. கட்டைவிரல் கம்பி நகரும் தூரம் ஓரங்குலம்கூட இல்லை. நிஜக் காரில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஸ்டீயரிங் இரண்டரை, மூன்று சுற்று சுற்றும். அந்த வித்தியாசத்தை மென்பொருள்தான் நிரப்புகிறது. வேகம் கூடக் கூட முன்சக்கரம் திரும்பும் அளவைக் குறைத்துவிடும். விரல் வெடுக்கென்று போனாலும் சக்கரத்தை நிதானமாகத் திருப்பும். வண்டி சறுக்கினால் சில விளையாட்டுகளில் எதிர்த்திருப்பலுக்கும் கை கொடுக்கும். கேம்பேடில் ஓட்டுபவர் பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஓட்டுநரும் உட்கார்ந்திருக்கிறார். ஸ்டீயரிங்கைப் புதிதாக வாங்கியவர் முதல் வாரம் பழைய வேகத்தைக்கூட எட்ட முடியாமல் தவிப்பது இதனால்தான். அந்த உதவியாளர் இறங்கிப் போய்விட்டார்.

அப்படியானால் ஸ்டீயரிங் எதற்கு? திருப்புவதற்கு அல்ல, கேட்பதற்கு. வீட்டு ஸ்டீயரிங்குக்குள் மோட்டார் வந்ததுதான் அதன் இரண்டாம் பிறவி. 1990-களின் கடைசியில் மைக்ரோசாஃப்ட்டின் சைட்விண்டர் போன்றவை அதைக் கணினி மேசைக்குக் கொண்டுவந்தன. 2006-ல் லாஜிடெக் ஜி25 வந்தபோது 900 டிகிரி, அதாவது இரண்டரைச் சுற்று, கிளட்ச், ஆறு கியர் எல்லாம் ஒரே பெட்டியில் கிடைத்தன. நிஜக் காரின் முன்டயர் தரையைப் பிடித்திருக்கும்வரை ஸ்டீயரிங் நேராகத் திரும்பப் பார்க்கும், அதனால் கையில் கனம் தெரியும். பிடிப்பு நழுவத் தொடங்கும்போது அந்தக் கனம் இறங்கும். விளையாட்டு அந்த விசையைக் கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. கண் காண்பதற்கு முன் உள்ளங்கைக்குச் செய்தி வந்துவிடும். கேம்பேட் எவ்வளவு அதிர்ந்தாலும் இந்தக் கனத்தைச் சொல்லாது.

ஜி25-ல் மோட்டாரின் விசை பல்சக்கரம் வழியாக வந்தது. கடகடவென்ற சத்தமும் சேர்ந்து வந்தது. பிறகு வந்தவற்றில் சில பட்டையால் ஓடின. இப்போது பலவற்றில் மோட்டாரின் தண்டிலேயே ஸ்டீயரிங்கைப் பொருத்துகிறார்கள். 2022-ல் வந்த லாஜிடெக் ஜி புரோவின் முறுக்குவிசை 11 நியூட்டன் மீட்டர். கவனமில்லாமல் சுவரில் மோதினால் கட்டைவிரலுக்கு நிஜமாகவே வலிக்கும்.

இந்தப் பயணம் நிஜப் பந்தயத் தடத்தையும் தொட்டது. நிஸ்ஸானும் பிளேஸ்டேஷனும் 2008-ல் நடத்திய ஜிடி அகாடமியில் ‘கிரான் டூரிஸ்மோ’ ஆடி வென்ற ஸ்பெயினின் லூகாஸ் ஓர்தோன்யேஸ், 2011-ல் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாவதாக வந்த அணியில் ஓட்டினார்.

அதற்காக எல்லோரும் ஸ்டீயரிங் வாங்க வேண்டும் என்றில்லை. ‘ஃபோர்சா ஹொரைசன்’ போலக் காட்டுமேட்டில் பறக்கும் விளையாட்டை சோபாவில் சாய்ந்து ஆடுபவருக்குக் கேம்பேடே போதும். அந்த விளையாட்டு கேம்பேடையும் மனத்தில் வைத்துத்தான் செய்யப்பட்டது. ‘ஐரேசிங்’, ‘அசெட்டோ கோர்சா’ மாதிரி ஒவ்வொரு வளைவையும் கணக்காக எடுக்க வேண்டியவற்றில் ஸ்டீயரிங் இல்லாமல் பாதி சுகம் இல்லை. வாங்குவதென்று முடிவெடுத்தால் மேசை அசையாமல் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். உருளும் நாற்காலி வேண்டாம். பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்பதற்கு முன் நீங்கள் பின்னால் போய்விடுவீர்கள். பணம் கொஞ்சம் மிஞ்சினால் இன்னும் பெரிய மோட்டாருக்குப் போடாமல், மிதிக்கும் தூரத்தை விட்டு மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் நல்ல பிரேக் பெடலுக்குப் போடுங்கள். சுற்று நேரம் குறைவது பெரும்பாலும் காலில்தான்.