ஆளில்லாக் கட்டடத் தீயும் தீயணைப்பு வீரர் இடரும்

ஆளில்லாத கட்டடம் எரியும்போது தீயணைப்பு வீரர்கள் உள்ளே நுழைவதா, வெளியே நின்றே தண்ணீர் பீய்ச்சுவதா? காப்பாற்றக்கூடிய உயிர் இருந்தால் பெரிய ஆபத்தையும் ஏற்கலாம், பொருளுக்காகக் கொஞ்சம்தான், போய்விட்டதற்காக எதுவும் கூடாது. பல நாடுகளில் சொல்லப்படும் விதி இது. விதியில் குழப்பமில்லை. உள்ளே ஆள் உண்டா என்பதில்தான் எல்லாக் குழப்பமும்.

சென்னை எழிலகம் வளாகத்திலுள்ள கலச மகால், ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1768இல் கட்டிய சேப்பாக்கம் அரண்மனையின் பகுதி. அரசு அலுவலகங்கள் பூட்டிக் கிடந்த 2012 பொங்கல் விடுமுறையில், நள்ளிரவு தாண்டி அங்கே தீப்பற்றியது. உள்ளே போனவர்கள்மேல் கூரை சரிந்தது. வீரர் அன்பழகன் இறந்தார். கோட்ட அலுவலர் பிரியா ரவிச்சந்திரன் தீக்காயங்களுடன் மீட்கப்பட்டார். அவருடைய துணிவுக்கு அண்ணா பதக்கம் கிடைத்தது. பதக்கம் பொருத்தமானதே, ஆனாலும் பூட்டிய அலுவலகத்துக்கு ஓர் உயிர் என்ற கணக்கு உறுத்தவே செய்கிறது.

பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையில் மர உத்தரங்களே செங்கலையும் சுண்ணாம்பையும் தாங்குகின்றன. உத்தரம் கருகக் கருகத் தாங்கும் வலு குறையும். அடிக்கும் தண்ணீரை உறிஞ்சிய கூரையோ கனத்துக்கொண்டே போகும். இரும்புச் சட்டமும் நம்பத்தக்கதல்ல: 600 பாகை செல்சியஸை நெருங்கும்போது அதன் வலிமையில் பாதி போய்விடும். 2020 தீபாவளியன்று மதுரை விளக்குத்தூண் அருகே தீப்பற்றிய பழைய கட்டடம் இடிந்து இரு வீரர்கள் மாண்டனர்.

சென்னை தியாகராய நகரின் சென்னை சில்க்ஸ் துணிக்கடைத் தீ (2017 மே 31) வேறுவிதம். விடியற்காலையில் மேல்தளத்தில் சிக்கிய ஊழியர்களை மீட்டனர். அதன்பின் பெரும்பாலும் வெளியிலிருந்தே போராட்டம் நடந்தது. மறுநாள் கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தபோது வீரர் எவரும் பலியாகவில்லை.

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், 1999 டிசம்பர் 3 அன்று, கைவிடப்பட்ட குளிர்பதனக் கிடங்கில் வீடற்ற இருவர் இருப்பதாகக் கேட்டு வீரர்கள் தேடப்போனார்கள். அந்த இருவரும் முன்பே வெளியேறியிருந்தனர். சன்னலில்லாச் சுவர்களுக்குள் புகையில் இரண்டு வீரர்கள் வழிதவற, அவர்களைத் தேடிப்போன நால்வரும் திரும்பவில்லை. மேலும் பலர் நுழைய முனைந்தபோது வாசலில் மறித்து நிறுத்தியவர் மாவட்டத் தலைவர் மைக் மெக்னமி.

அமெரிக்க நகரங்கள் சில, ஆபத்தான வெற்றுக் கட்டடங்களின் முகப்பில் சதுரமும் குறுக்குக்கோடும் வரைந்து வைக்கின்றன. விடுமுறையில் பூட்டிய அலுவலகத்துக்கு அப்படி ஒரு குறி கிடையாது. அங்கே காவலாளியின் வாய்ச்சொல்தான் தகவல்.