புரூஸ் லீ

புரூஸ் லீ (நவம்பர் 27, 1940 – ஜூலை 20, 1973) அமெரிக்காவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்த தற்காப்புக் கலை வல்லுநரும், திரைப்பட நடிகரும், இயக்குநரும் ஆவார். இவரது இயற்பெயர் லீ ஜுன் ஃபான். ஹாங்காங் திரையுலகில் "சிறிய டிராகன்" எனப் பொருள்படும் லீ சியூ லுங் என்ற பெயரால் அறியப்பட்டார். ஜீத் குன் தோ எனும் சண்டை முறையைத் தோற்றுவித்தவரும் இவரே. வளர்ந்த பின்னர் இவர் கதாநாயகனாக நடித்து முடித்த படங்கள் நான்கு மட்டுமே. அவற்றுள் இவருக்கு உலகப் புகழ் தேடித்தந்த "எண்டர் த டிராகன்" வெளிவந்தபோது இவர் உயிருடன் இல்லை.

இளமைக்காலம்

லீயின் தந்தை லீ ஹோய் சுவென் காண்டனீஸ் இசைநாடக நடிகர். தாய் கிரேஸ் ஹோ ஐரோப்பியக் கலப்பு மரபினர். நாடகக் குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது சான் பிரான்சிஸ்கோ சீனர் குடியிருப்பிலுள்ள மருத்துவமனையில் லீ பிறந்தார். சீன நாட்காட்டியின்படி அது டிராகன் ஆண்டு. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு படத்தில் தோன்றினார். 1941 இல் குடும்பம் ஹாங்காங் திரும்பியது. அவ்வாண்டின் இறுதியில் நகரம் ஜப்பானியர் வசமானது. 18 வயதுக்குள் ஏறத்தாழ 20 படங்களில் சிறுவனாக நடித்திருந்தார்.

தெருச் சண்டைகளில் அடிக்கடி ஈடுபட்ட லீ, தமது 13 ஆம் வயதளவில் யிப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் கலையைப் பயிலத் தொடங்கினார். தாயின் கலப்பு மரபு காரணமாகச் சக மாணவர் சிலர் இவருடன் பயிற்சி செய்ய மறுத்தனர் என்று கூறப்படுவதுண்டு. 1958 இல் ஹாங்காங்கின் சா-சா நடனப் போட்டியில் வென்றார். பிற்காலத்தில் திரையில் இவர் காட்டிய காலசைவுகளில் அந்த நடனத்தின் சாயலைக் காணலாம்.

அமெரிக்க வாழ்க்கை

மகனின் சண்டைகளால் கவலையுற்ற பெற்றோர் 1959 இல் இவரை அமெரிக்காவுக்கு அனுப்பினர். சியாட்டிலில் ஓர் உணவகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். 1961 இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். சீனரல்லாதோர்க்கும் குங்ஃபூ கற்பித்தார். 1964 இல் தம் மாணவியான லிண்டா எமரியை மணந்தார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் ஓக்லண்டில் வோங் ஜாக் மான் என்பவருடன் தனியறையில் மோதினார். வெளியாருக்குக் கற்பிக்கக்கூடாது என்ற எதிர்ப்பே மோதலுக்குக் காரணம் என்பது லிண்டாவின் கூற்று. வோங் இதை மறுத்தார். யார் வென்றார் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும் அதன் விளைவே முக்கியமானது. சண்டை நீண்டுவிட்டதும், தமக்கு மூச்சு வாங்கியதும் லீக்கு மனநிறைவு தரவில்லை. மரபு முறைகளின் இறுக்கத்தைக் கைவிட்டு, குத்துச்சண்டை, வாட்சண்டை முதலியவற்றிலிருந்து பயன்படுவனவற்றை எடுத்துக்கொண்டார். 1967 இல் இதற்கு ஜீத் குன் தோ, அதாவது "தாக்குதலை இடைமறிக்கும் முட்டியின் வழி" எனப் பெயரிட்டார். ஸ்டீவ் மக்குயின், ஜேம்ஸ் கோபர்ன், கூடைப்பந்து வீரர் கரீம் அப்துல் ஜப்பார் ஆகியோர் இவரிடம் பயின்றனர்.

"த கிரீன் ஹார்னெட்" (1966–67) தொலைக்காட்சித் தொடரில் கேட்டோ என்ற உதவியாளராக நடித்தார். இவரது வேகம் ஒளிப்படக் கருவிக்கு அகப்படாததால் மெதுவாக அடிக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். 1970 இல் பளு தூக்கும்போது முதுகில் பலத்த காயம் ஏற்பட்டது. இனி உதைக்கவே இயலாது என மருத்துவர்கள் கூறினர். படுக்கையிலிருந்த மாதங்களில் எழுதிய குறிப்புகள் இவரது மறைவுக்குப் பின் 1975 இல் நூலாயின. 1971 இல் "த சைலண்ட் ஃபுளூட்" என்ற படத்துக்கு இடம் தேடி கோபர்னுடன் இந்தியாவுக்கும் வந்தார். அப்படம் இவர் காலத்தில் எடுக்கப்படவில்லை.

சீனத் துறவி ஒருவரை நாயகனாகக் கொண்ட "குங்ஃபூ" தொடரில் நடிக்க இவர் பரிசீலிக்கப்பட்டார். ஆனால் அவ்வேடம் வெள்ளையரான டேவிட் கராடினுக்குச் சென்றது. அத்தொடரின் கருவே லீயுடையது என்று லிண்டா எழுதினார். வேறு இருவர் முன்னரே எழுதியது என்பது தயாரிப்பாளர் தரப்பு. 1971 டிசம்பரில் அளித்த தொலைக்காட்சிப் பேட்டியில் லீ இதைச் சினமின்றியே விளக்கினார்: அயல்நாட்டு நடிகர் ஒருவரை நம்பி ஹாங்காங்கில் தாம் பணம் போடுவதாக இருந்தாலும் தயங்கியிருப்பேன் என்பது அவர் வாதம். இவரது எழுத்துகளை அடிப்படையாகக் கொண்ட "வாரியர்" தொடர் 2019 இல் வெளிவந்தது.

ஹாங்காங் படங்கள்

கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்தின் ரேமண்ட் சௌ அழைப்பின் பேரில் நடித்த "த பிக் பாஸ்" (1971) தாய்லாந்தில் படமாக்கப்பட்டு, ஹாங்காங்கில் வசூல் சாதனை படைத்தது. அடுத்து வந்த "ஃபிஸ்ட் ஆஃப் ஃபியூரி" (1972) அதையும் விஞ்சியது. ஷாங்காய் பூங்கா வாயிலில் நாய்களுக்கும் சீனர்களுக்கும் அனுமதி இல்லை என்றிருக்கும் பலகையை நாயகன் உதைத்து நொறுக்கும் காட்சி திரையரங்குகளில் பெரும் ஆரவாரத்தைப் பெற்றது. உண்மையில் அப்பூங்காவின் விதிப்பலகையில் அவ்விரண்டும் தனித்தனி விதிகளாகவே இருந்தன. எனினும் அவமானம் கற்பனையன்று.

"த வே ஆஃப் த டிராகன்" (1972) படத்தை லீயே எழுதி இயக்கினார். ரோமின் கொலோசியத்தில் சக் நோரிசுடன் மோதும் இறுதிச் சண்டை, எதிரியின் வேகத்துக்கேற்ப முறையை மாற்றிக்கொள்ளும் இவரது கொள்கையையே காட்சியாக்குகிறது. இவரை அறிய விரும்புவோர் முதலில் காணவேண்டியது இதுவே. பின்னர் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துடன் இணைந்து, ராபர்ட் கிளவுஸ் இயக்கத்தில் "எண்டர் த டிராகன்" உருவானது. இளைஞரான ஜாக்கி சான் இதில் சிறு சண்டைக் காட்சியில் தோன்றுகிறார்.

மறைவு

1973 மே 10 அன்று குரல் பதிவின்போது லீ மயங்கி விழுந்தார். மூளை வீக்கம் கண்டறியப்பட்டு உயிர் பிழைத்தார். ஜூலை 20 அன்று நடிகை பெட்டி டிங் பெய்யின் இல்லத்தில் தலைவலிக்காக ஒரு மாத்திரை உட்கொண்டு உறங்கியவர் மீண்டும் எழவில்லை. வயது 32. மாத்திரையின் ஒவ்வாமையே மூளை வீக்கத்துக்குக் காரணம் எனக் கருதப்பட்டது. விசாரணை மன்றம் இதைத் தற்செயல் மரணம் என்று முடிவு செய்தது. வெப்ப அதிர்ச்சி, உடலில் நீர் மிகுந்து சோடியம் குறைந்தமை (2022) எனப் பின்னர் வேறு விளக்கங்களும் முன்வைக்கப்பட்டன. நஞ்சு, சாபம் முதலிய வதந்திகளுக்குச் சான்று ஏதுமில்லை. உடல் சியாட்டில் லேக் வியூ இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது.

பாதியில் நின்ற "கேம் ஆஃப் டெத்" படம், மாற்று நடிகர்களைக் கொண்டு இட்டு நிரப்பப்பட்டு 1978 இல் வெளியானது. லீ எடுத்திருந்த காட்சிகளில் 11 நிமிடங்கள் அளவே அதில் இடம்பெற்றன. மகன் பிராண்டன் லீயும் நடிகரானார். 1993 மார்ச் 31 அன்று "த குரோ" படப்பிடிப்பில் பொய்த் தோட்டா எனக் கருதிச் சுட்டதில் காயமுற்று 28 வயதில் இறந்தார். அவரது உடல் தந்தையின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது.