கார்ன்வாலின் எந்திர அறிக்கை

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கடலுக்குள் நீண்டு கிடக்கும் கார்ன்வால், செம்புக்கும் வெள்ளீயத்துக்கும் பெயர்போன பகுதி. சுரங்கம் ஆழமாக ஆக நீர் ஊறிக்கொண்டே இருக்கும். அதை இறைக்க நீராவி எந்திரம் வேண்டும். எந்திரத்துக்கு நிலக்கரி வேண்டும். அந்த மண்ணில் நிலக்கரி கிடையாது. தெற்கு வேல்சிலிருந்து கப்பலில் வந்த கரியின் விலை லாபத்தை அரித்தது. குறைந்த கரியில் அதிக நீர் இறைப்பது அங்கே பிழைப்புப் பிரச்சினை.

விடையை முதலில் கொண்டுவந்தவர் ஜேம்ஸ் வாட். தம் நீராவி எந்திரத்துக்கு அவர் 1769-இல் பெற்ற காப்புரிமையை 1775-இல் நாடாளுமன்றம் 1800 வரை நீட்டித்தது. வாட்டும் கூட்டாளி மாத்யூ போல்டனும் 1777 முதல் கார்ன்வாலில் எந்திரங்களை நிறுவினர். பழைய நியூகொமன் எந்திரத்தைவிட மிச்சமாகும் கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். முதலில் நியாயமாகத் தெரிந்த கட்டணம், ஆண்டுதோறும் கட்ட நேர்ந்தபோது கசந்தது. ஜொனாதன் ஹார்ன்புளோயர், எட்வர்ட் புல் போன்ற பொறியாளர்கள் வேறு அமைப்புகளை முயன்றார்கள். வழக்குகள் அவர்களை முடக்கின. 1799-இல் தீர்ப்பும் வாட் பக்கமே வந்தது. மறு ஆண்டு காப்புரிமை காலாவதியாக, நிறுவனத்தின் ஆட்களும் வெளியேறினர். பராமரிப்பாரின்றி எந்திரங்களின் திறன் சரிந்தது. காப்புரிமை மீதான வெறுப்பு மட்டும் சரியவில்லை.

1811-இல் ‘கேப்டன்’ என்று அழைக்கப்பட்ட சுரங்க மேலாளர்கள் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எல்லா எந்திரங்களின் திறனையும் அளந்து மாதந்தோறும் அச்சிட வேண்டும். அந்தப் பொறுப்பு ஜோயல் லீன் என்ற மதிப்புமிக்க கேப்டனிடம் தரப்பட்டது. ஆகஸ்டில் வந்த முதல் அறிக்கையில் மூன்று சுரங்கங்களே இருந்தன. அடுத்த ஆண்டே லீன் இறந்தாலும் மகன்கள் பணியைத் தொடர்ந்தனர்.

அளவைமுறை எளிது. எந்திரம் எத்தனை முறை இயங்கியது என்பதைப் பூட்டிய பெட்டிக்குள் ஒரு கருவி எண்ணும். குழாயின் அகலம், ஆழம், எரிந்த கரி ஆகியவற்றோடு சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு புஷல் கரி, அதாவது 94 பவுண்டு, எத்தனை பவுண்டு நீரை ஓர் அடி உயர்த்தியது என்பது கிடைக்கும். இதுவே ‘டியூட்டி’. அதன் பக்கத்திலேயே எந்திரத்தின் அமைப்பும் பொறியாளரின் பெயரும் அச்சாகும். பொறியாளர்களுக்கு இதைவிட வலுவான தூண்டுதல் தேவைப்படவில்லை. நல்ல எண் கிடைத்தவரை மற்றச் சுரங்கங்களும் தேடின.

ரகசியம் காக்காமல் இப்படிக் கொட்டிக் கொடுத்தது தாராள மனத்தால் மட்டுமல்ல. பங்குதாரர்கள் பலர் ஒரே நேரத்தில் பல சுரங்கங்களில் பணம் போட்டிருந்தார்கள். ஒன்றில் கண்ட முன்னேற்றம் மற்றதிலும் பரவுவது அவர்களுக்கே லாபம். செம்பின் விலையையும் எந்த ஒரு சுரங்கமும் தனியாக நிர்ணயிக்க முடியாது. பக்கத்துச் சுரங்கத்தின் செழிப்பு தனக்கு நட்டம் ஆகாது.

1812-இல் ரிச்சர்ட் டிரெவிதிக் வீல் பிராஸ்பர் சுரங்கத்தில் உயர் அழுத்த எந்திரம் ஒன்றை நிறுவினார். அதற்குக் காப்புரிமை கோரவில்லை. ஆர்தர் உல்ஃப், தாம் காப்புரிமை பெற்றிருந்த இரட்டை உருளை எந்திரத்தை 1814-இல் வீல் ஆபிரகாமில் இயக்கிக் காட்டினார். அதன் எண்கள் அபாரம். ஆனால் கார்ன்வால் பின்பற்றியது டிரெவிதிக்கின் எளிய ஒற்றை உருளையைத்தான். உல்ஃபும் பிற்பாடு அதே வகைக்கு மாறினார். சாமுவேல் குரோஸ் உருளையையும் குழாய்களையும் வெப்பம் கசியாமல் போர்த்தி, வீல் டோவன் சுரங்கத்தில் 8 கோடி டியூட்டியைத் தாண்டினார். 1835-இல் ஃபோவி கன்சால்ஸ் சுரங்கத்தின் எந்திரம் ஒரு சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. வாட் காலத்தில் 2 கோடியே நல்ல எண். அறிக்கையில் இடம்பெற்ற எந்திரங்களின் சராசரியும் முப்பது ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது.

இந்தப் பகிர்வு எல்லோரையும் எட்டியதாகச் சொல்ல முடியாது. பொறியாளர்கள் அறிவைப் பொதுவில் வைத்த அதே சுரங்கங்களில், தொழிலாளர்கள் ஒருவரையொருவர் விஞ்சிக் குறைந்த கூலிக்கு ஏலம் கேட்டுத்தான் இடம் பிடித்தார்கள். அறிக்கையிலும் குறை இருந்தது: போட்டி முற்றியபோது எண்கள் ஊதிப் பெருக்கப்படுவதாகப் புகார் எழுந்தது, சில சுரங்கங்கள் விலகின.

1866-இல் செம்புத் தொழில் நொடித்ததும் கார்ன்வால்காரர்கள் உலகச் சுரங்கங்களுக்குச் சிதறினர். உல்ஃபைப் பொறியாளராக வைத்துக் கார்ன்வாலின் கன்சாலிடேட்டட் சுரங்கங்களை நடத்திய ஜான் டெய்லரின் குடும்ப நிறுவனம், 1880களில் கோலார் தங்கவயலில் கால் வைத்தது. தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்திரளாக உழைத்த அந்தச் சுரங்கங்களில் கார்ன்வால் கேப்டன்கள் மேற்பார்வையாளர்களாக இருந்தனர். பொருளியல் வரலாற்றாளர் அலெஸ்ஸாந்த்ரோ நுவோலாரி 2004-இல் கார்ன்வாலின் இந்தப் பகிர்வு அனுபவத்தைக் கூட்டுக் கண்டுபிடிப்பாக விரிவாக ஆராய்ந்தார். திறமூல மென்பொருளின் வரலாற்று முன்னோடிகளைத் தேடியபோதும் அவர் கார்ன்வாலுக்கே திரும்பினார். லீன் தொடங்கிய அறிக்கை 1904-இல் நின்றது.