தில்லிச் சாலையின் நடுவே ஓடிய பேருந்து

தில்லிக்கு வந்து முப்பது நாற்பது வருஷம் ஆன நம்மவர்களிடம்கூட, "இந்த ஊரில் ட்ராம் ஓடியது தெரியுமா?" என்று கேட்டால் சற்று சந்தேகமாகத்தான் பார்க்கிறார்கள். கல்கத்தா என்றால் ட்ராம். மதராஸில் 1953 வரை ஓடியது, அதைத் தாத்தா பாட்டி சொல்லிக் கேட்டிருப்போம். தில்லியிலா? ஆமாம், தில்லியிலும்தான். 1908-இல் தொடங்கி 1963 வரை ஜும்மா மசூதி, சாந்தினி சௌக், சப்ஜி மண்டி, சதர் பஜார் பக்கமெல்லாம் ட்ராம் ஓடியது. தெரு நெரிசல் என்று சொல்லி அதை எடுத்தார்கள். நெரிசல் போயிற்றா என்பதைச் சாந்தினி சௌக்குக்குப் புடவை வாங்கப் போனவர்கள் சொல்லட்டும்.

பேருந்தின் கதை வேறு. சுதந்திரத்துக்குப் பின், 1948 மே மாதத்தில், ஒரு தனியார் கம்பெனியிடமிருந்து மத்திய போக்குவரத்து அமைச்சகம் நகரப் பேருந்துகளைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. 1958-இல் அது மாநகராட்சிக்குப் போயிற்று. 1971-இல் நமக்கெல்லாம் பழக்கமான டி.டி.சி. பிறந்தது. நான் மத்திய அரசு வேலையில் சேர்ந்து இங்கே வந்தது 1981-இல். சில வருஷம் கழித்துப் புஷ்ப் விஹாரில் குவார்ட்டர்ஸ் கிடைத்தது. ஆபீஸ் ஐ.டி.ஓ.வில். அம்பேத்கர் நகர், சிராக் தில்லி, மூல்சந்த் வழியாக ஐ.டி.ஓ. போகும் அந்த ஒரே சாலையில் ஓய்வு பெறும்வரை போய் வந்தேன். தில்லியில் நடந்த போக்குவரத்துச் சோதனைகள் பலவற்றை அந்தச் சாலையின் ஜன்னலோர சீட்டிலிருந்தே பார்த்துவிட்டேன் என்று சொல்லலாம். (சீட் கிடைத்த நாட்களில்!)

1992-இல் டி.டி.சி.யால் சமாளிக்க முடியவில்லை என்று தனியாருக்குப் பர்மிட் கொடுத்தார்கள். ரெட்லைன் என்று பெயர். விபத்துகளால் பெயர் கெட்டதும் நிறத்தை மாற்றி ப்ளூலைன் ஆக்கினார்கள். நிறம்தான் மாறியது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் ஒரு முதலாளி, அன்றன்றைய டிக்கெட் வசூல்தான் வருமானம். முன்னால் போகும் பஸ்ஸை முந்தினால்தான் அடுத்த நிறுத்தத்தின் கூட்டம் தனக்குக் கிடைக்கும். டிரைவரைத் திட்டி என்ன பயன்? அமைப்பே அவரைப் பந்தயக் குதிரையாக்கியிருந்தது.

அடுத்து வந்தது புகையின் காலம். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-இலேயே தொடுத்த பொதுநல வழக்கில், 1998 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. 2001 மார்ச் 31-க்குள் தில்லியின் பஸ்கள் அனைத்தும் டீசலை விட்டு சி.என்.ஜி.க்கு மாற வேண்டும். பஸ்களின் எண்ணிக்கையும் பத்தாயிரமாக உயர வேண்டும். இதற்குப் பின்னால் ஆராய்ச்சி இருந்தது. அனில் அகர்வாலின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 1996-இலேயே வாகனப் புகையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, இது மெதுவாக நடக்கும் கொலை என்று எச்சரித்திருந்தது. அரசுகள் வழக்கம்போல் காலம் கடத்தின. 2001 ஏப்ரல் முதல் வாரம் பஸ் இல்லாமல் ஊரே திண்டாடியது. ஆட்டோக்காரர்கள் காஸ் பங்கில் ராத்திரி முழுக்க வரிசையில் தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன். "எரிபொருள் எதுவாகவும் இருக்கட்டும், புகையின் அளவை மட்டும் நிர்ணயியுங்கள்" என்று மஷேல்கர் குழு சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. 2002 ஏப்ரலில் டீசல் பஸ்களுக்கு நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம் விதித்தது. அதே வருஷம் டிசம்பர் 1-ஆம் தேதியோடு நகர டீசல் பஸ்கள் விடைபெற்றன. சும்மா சொல்லக் கூடாது, அந்தக் குளிர்காலத்தில் பஸ்ஸின் பின்னால் நின்றபோது மூக்கைப் பொத்த வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஆணையின் முதல் பாதியைப் பற்றித்தான் எல்லோரும் பேசினோம். பஸ்களின் எண்ணிக்கை என்ற இரண்டாம் பாதி பின்னுக்குப் போய்விட்டது. மூன்றே வாரம் கழித்து, டிசம்பர் 24 அன்று, ஷாஹ்தரா முதல் தீஸ் ஹசாரி வரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும் கவனம் முழுக்க அங்கே திரும்பிவிட்டது. மெட்ரோவின் பெருமையை இங்கே நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்ரீதரன் பெயர் நம் வீட்டுக் குழந்தைகளுக்கும் தெரியும்.

பலருக்குத் தெரியாத பெயர்கள் வேறு இரண்டு: தினேஷ் மோகன், கீதம் திவாரி. இருவரும் தில்லி ஐ.ஐ.டி.யின் போக்குவரத்து ஆய்வு மற்றும் விபத்துத் தடுப்புத் திட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி எளிமையானது. தில்லிச் சாலையில் போகிறவர்கள் யார் யார்? நடப்பவர், சைக்கிள்காரர், பஸ் பயணி எல்லோரையும் கூட்டினால் கார்க்காரர் சிறுபான்மை. சாலையோ அவருக்காகவே போடப்பட்டிருக்கிறது. பிரேசிலின் குரிச்சிபா நகரம் 1974-இலும், கொலம்பியாவின் பொகோட்டா 2000-இலும் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கி ரயில் போல ஓட்டிக் காட்டின. அதைத் தில்லிக்கு ஏற்றபடி மாற்றியதுதான் பி.ஆர்.டி.

எப்படி மாற்றினார்கள் என்பதைச் சற்று விளக்க வேண்டும். இடது ஓரத்தில் பஸ் நின்றால் ஆட்டோ, சைக்கிள், இடது பக்கம் திரும்பும் கார் எல்லாம் அதை வழிமறிக்கும். ஆகவே பஸ் தடத்தைச் சாலையின் நடுவில் வைத்தார்கள். அதற்கு வெளியே மற்ற மோட்டார் வண்டிகள், அதற்கும் வெளியே சைக்கிள் பாதை, கடைசியில் நடைபாதை. நிறுத்தங்களைச் சந்திப்புக்குச் சற்று முன்னால் அமைத்தார்கள். சிவப்பு விளக்கு விழும்போது பயணிகள் நேராகக் கடந்து வரலாம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு விஷயம். சைக்கிள் பஞ்சர் ஒட்டுபவர், செருப்புத் தைப்பவர், தண்ணீர் விற்பவர் ஆகியோரைத் துரத்தக் கூடாது, அவர்கள் சாலையில் போகிறவர்களுக்குச் சேவை செய்கிறவர்கள், அவர்களுக்கும் வரைபடத்தில் இடம் வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் வாதாடினார்கள். பொறியியல் வரைபடத்தில் செருப்புத் தைப்பவருக்கு இடம் கேட்பது எத்தனை ஊரில் நடக்கும், சொல்லுங்கள்?

திட்டம் அம்பேத்கர் நகரிலிருந்து தில்லி கேட் வரை 14.5 கிலோமீட்டர். அதாவது என் வீட்டிலிருந்து ஆபீஸையும் தாண்டி. 2008 ஏப்ரலில் திறந்தது மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் மட்டும். முதல் நாட்களில் சிக்னல் குழப்பம் உண்மை. பத்திரிகைகளும் டிவியும் அந்தக் குழப்பத்தை விடவே இல்லை. காருக்குள் உட்கார்ந்திருந்தவரிடம்தான் மைக்கை நீட்டினார்கள். பஸ்ஸுக்குள் ஏறி யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. என் அனுபவத்தைச் சொல்கிறேன்: மூல்சந்த் வரை இருபது நிமிஷம் மிச்சம். அங்கிருந்து ஐ.டி.ஓ. வரை மிச்சம் பிடித்த இருபதும் போய்விடும். பாதிச் சோதனையை வைத்து முழுத் தீர்ப்பு எழுதினால் இப்படித்தான்.

குறைகளும் இருந்தன, மறைப்பானேன்? ஒரு திசைக்கு ஒரே தடம் என்பதால் ஒரு பஸ் கெட்டு நின்றால் பின்னால் வருவதெல்லாம் நின்றுவிடும். எல்லா வகைப் பஸ்ஸும் அந்தத் தடத்தில் வரலாம் என்று விட்டதால் ஓட்டை ப்ளூலைனும் வந்தது. ஸ்கூட்டர்காரர்கள் நுழைவதைத் தடுக்க ஆள் போட வேண்டியிருந்தது. 2009 அக்டோபரில் அகமதாபாத் இதே யோசனையை எடுத்துக்கொண்டு, உயர்ந்த மேடை, தனி நிலையம், அதற்கென்றே பஸ் என்று செய்து நல்ல பெயர் வாங்கியது. அவர்களுக்குத் தில்லியின் அடி ஒரு பாடமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

தில்லியில் வழக்கு உயர் நீதிமன்றம் போனது. கார்க்காரர்கள்தாம் நாட்டின் செல்வத்தை உருவாக்குகிறவர்கள், அவர்கள் நேரம் வீணாகலாமா என்பது மனுதாரர் தரப்பில் வந்த வாதங்களில் ஒன்று. படித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. இருபத்தேழு வருஷமாக நின்றுகொண்டே ஆபீஸ் போய் ஃபைல் பார்த்த நாங்கள் என்ன உருவாக்கினோமாம்? மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், தடத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டால் வண்டிகள் வேகமாகப் போகும் என்று அறிக்கை கொடுத்தது. அது கணக்குப்படி சரியாக இருக்கலாம். ஆனால் அது எண்ணியது வண்டிகளை. வண்டிக்குள் இருக்கும் ஆட்களை எண்ணினால் கணக்கு வேறு. 2012 அக்டோபரில் நீதிமன்றம் மனுவைத் தள்ளி, பஸ் தடம் இருக்கட்டும் என்றது. ஆயினும் 2015-இல் தில்லி அரசு அதை எடுத்துவிட முடிவு செய்து, 2016-இல் இடித்தது. நீதிமன்றத்தில் வென்றது அரசியலில் தோற்றது. தினேஷ் மோகன் 2021 மே மாதம் கொரோனாவில் காலமானார்.

அதே சாலையை ஒட்டி லாஜ்பத் நகரிலிருந்து சாகேத் ஜி பிளாக் வரை 8.4 கிலோமீட்டர் மெட்ரோவுக்கு 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவை அனுமதி கொடுத்தது. நல்லதுதான். ஆனால் மெட்ரோவுக்கும் டிக்கெட் உண்டு. பஸ்ஸிலோ 2019 அக்டோபர் 29 முதல் தில்லியில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் குவார்ட்டர்ஸில் நாலு வீடு வேலை பார்த்த விழுப்புரத்துப் பக்கத்து அம்மாள் ஒருவர் ஜங்புரா மதராஸி கேம்ப்பிலிருந்து அந்த நடுச்சாலை பஸ்ஸில்தான் வருவார். "அந்த பஸ்ஸு இருந்தப்ப ரெண்டு வூடு முடிச்சுட்டு புள்ளைங்க ஸ்கூல்லேர்ந்து வர்றதுக்குள்ள போயிடுவேன் சார்" என்று பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார். கேம்ப்பின் பிள்ளைகள் பலர் நம் டி.டி.இ.ஏ. பள்ளிகளில் தமிழ் படித்தவர்கள். பாராபுல்லா வடிகாலை ஒட்டியிருந்த அந்தக் குடியிருப்பு 2025 ஜூன் 1 அன்று, நீதிமன்ற உத்தரவின்படி, இடிக்கப்பட்டது. 370 வீடுகளில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்றுக் குடியிருப்பு என்று முடிவானது. நரேலா நகரின் வடகோடி. ஜங்புராவிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர். அந்த அம்மாளுக்கு அங்கே ஒரு ஃபிளாட் கிடைத்தது. இப்போது ஜங்புராவில் ஒரே ஒரு வீட்டை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறார். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பஸ் மாறி மாறி எட்டரைக்கு வந்து சேர்கிறாராம். டிக்கெட்டுக்குக் காசில்லை.