தொழில்முனைவுக் கல்வியும் போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிக வரலாறும்

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக மேலாண்மைத் துறைகளில் கற்பிக்கப்படும் தொழில்முனைவுப் பாடம், தொழில்முனைவைத் தனிமனிதரின் மனப்பண்பாகவே பெரிதும் அணுகுகிறது. அவ்வணுகுமுறை இந்தியாவில் நிலைபெற்ற வரலாற்றை இக்கட்டுரை சுருக்கமாக எடுத்துரைக்கிறது. பின்னர், போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்தைச் சான்றாகக் கொண்டு, இழப்பை ஏற்பவர் யார் என்னும் வினாவே இப்பாடத்தின் மையமாக அமையவேண்டும் என வாதிடுகிறது.

முக்கியச் சொற்கள்: தொழில்முனைவு, மேலாண்மைக் கல்வி, ஏலக்காய், போடிநாயக்கனூர், ஏல மலைகள், இடர்.

முன்னுரை

தொழில்முனைவு குறித்த சிந்தனை பழமையானது; அதனை வகுப்பறையில் கற்பிக்கும் வழக்கம் புதியது. 1755இல் வெளிவந்த தம் பொருளியல் நூலில் ரிச்சர்டு கான்டிலான், உறுதியான விலைக்கு வாங்கி உறுதியற்ற விலைக்கு விற்பவரே தொழில்முனைவோர் என விளக்கினார். கணக்கிடத்தக்க இடரையும் கணக்கிட இயலாத நிச்சயமின்மையையும் 1921இல் பிராங்க் நைட் வேறுபடுத்திக் காட்டினார். புதிய தொழில்களின் மேலாண்மை குறித்த பாடம் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1947இல் மைல்ஸ் மேஸ் என்பவரால் தொடங்கப்பெற்றது. கான்டிலானும் நைட்டும் எழுப்பிய வினா நிச்சயமின்மை பற்றியது. இந்தியாவில் இப்பாடம் வேரூன்றியபோது அவ்வினா பின்தள்ளப்பட்டது.

இந்தியாவில் பாடம் உருவான முறை

அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லிலண்ட், ஒரு சமூகத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு அச்சமூகத்தில் நிலவும் சாதனை வேட்கையே காரணம் என்னும் கருத்தை 1961இல் நூலாக வெளியிட்டார். அதனைச் சோதிக்க ஆந்திரத்தின் காக்கிநாடா நகரத்து வணிகர்களைத் தேர்ந்தெடுத்தார். ஐதராபாத்தில் இயங்கிய சிறுதொழில் விரிவாக்கப் பயிற்சி நிறுவனத்தில் 1964இல் அவர்களுக்குப் பயிற்சி தொடங்கிற்று. முடிவுகள் 1969இல் வெளிவந்தன. சாதனை வேட்கையைப் பயிற்சியால் வளர்க்கலாம் என்பதும், மரபார்ந்த நம்பிக்கைகள் அதற்குத் தடையல்ல என்பதும் அவற்றின் சாரம்.

தொழில்முனைவு பிறப்பால் வருவதன்று என இவ்வாய்வு காட்டியது அதன் பெருஞ்சிறப்பு. 1970இல் குஜராத்தில் தொடங்கிய பயிற்சித் திட்டமும், 1983இல் அகமதாபாத்தில் அமைந்த இந்தியத் தொழில்முனைவு மேம்பாட்டு நிறுவனமும் அத்தடத்தில் வளர்ந்தவை. ஆயினும் மனப்பண்பை முதன்மைப்படுத்திய இம்மரபில் நிலம், கடன், சந்தை, அரசு விதி ஆகியன பின்புலச் செய்திகளாகச் சுருங்கின. இன்றைய பாடத்திட்டங்களில் தொழில்முனைவோரின் பண்புகள் பட்டியலாகவும், தொழில் திட்ட அறிக்கை பயிற்சியாகவும் அமைவது அதன் தொடர்ச்சி எனலாம்.

மலையும் சந்தையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்திலுள்ள போடிநாயக்கனூர், பயிர் விளையும் ஊர் என்பதைவிடப் பயிர் வந்துசேரும் ஊர் என்பதே பொருந்தும். ஏலக்காய் விளையும் மலைகள் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தன. பயிரிட்டோரிலும் உழைத்தோரிலும் பெரும்பகுதியினர் மதுரைச் சீமையிலிருந்து மலையேறியவர்கள். ஏலக்காய் அங்கு நெடுங்காலம் அரசின் தனியுரிமைப் பண்டமாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வுரிமை நீங்கி நிலவரி முறை வந்த பிறகே விளைவித்தவர் தம் காயைத் தாமே விற்கும் நிலை உருவாயிற்று. 1928இல் மதுரை – போடி இருப்புப்பாதை திறக்கப்பட்டதும் ஊரின் சந்தை வலுப்பெற்றது.

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்துடன் இணைந்தன. நிலம் ஒரு மாநிலத்திலும், உரிமையாளரின் வீடும் வணிகரின் கடையும் மற்றொரு மாநிலத்திலும் அமைந்தன. போடிமெட்டு மாநில எல்லையாயிற்று. இருவேறு நிர்வாகங்களுக்கிடையே ஒரே தொழிலை நடத்தும் திறனே இப்பகுதித் தொழில்முனைவின் முதற்கூறு. அது தனிமனித வேட்கையால் மட்டும் விளங்கிக்கொள்ளத் தக்கதன்று.

ஏலக்கூடம்

ஏலக்காயைக் குறிக்கும் 'ஏலம்' பழந்தமிழ்ச் சொல். போட்டி விற்பனையைக் குறிக்கும் 'ஏலம்' போர்ச்சுக்கீசியத்திலிருந்து வந்தது என்பர். வேர் வேறான இரண்டும் போடியில் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன.

1965இன் ஏலக்காய்ச் சட்டம் இப்பயிருக்கென வாரியம் அமைக்க வழிசெய்தது. அதன் பணிகளை 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான நறுமணப் பொருள்கள் வாரியம் ஏற்றது. உரிமம் பெற்ற ஏலதாரரிடம் விவசாயி உலர்காயை ஒப்படைக்கிறார். மாதிரியின் நிறம், பருமன், உலர்நிலை ஆகியவற்றை நோக்கி வணிகர் விலை கேட்கின்றனர். வாய்மொழியாக நடந்த இவ்வேலம் பின்னர் மின்னணு முறைக்கு மாறியது. ஒருவரையொருவர் அறியாத விவசாயியும் வணிகரும் நம்பிக்கையோடு பரிமாறிக்கொள்ள இவ்வமைப்பு உதவுகிறது. இதனை உருவாக்கியது பலரின் கூட்டு முயற்சியும் சட்டமுமே.

இக்கூட்டு மரபு வணிகத்தோடு நிற்கவில்லை. ஏலக்காய் விவசாயிகள் சங்கத்தின் பெயரைத் தாங்கிய கல்லூரி இவ்வூரில் இயங்குகிறது. கட்டப்பனைப் பகுதி விவசாயி ஒருவர் தம் தோட்டத்துச் செடிகளிலிருந்து தேர்ந்தெடுத்த 'ஞள்ளானி' வகை மலையெங்கும் பரவியதையும் இங்கு இணைத்து நோக்கலாம். புதுமை ஆய்வுக்கூடத்தில் மட்டும் பிறப்பதில்லை என்பதற்கு அது சான்று.

இழப்பை ஏற்பவர் யார்?

ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காய் 1 கிலோ உலர்காயாகிறது. கூலி, விறகு, உரம் ஆகியவற்றின் செலவு முன்கூட்டியே உறுதியாகிவிடுகிறது. விற்பனை விலை உறுதியாவதில்லை. கான்டிலானின் இலக்கணம் வணிகரைப் போலவே விவசாயிக்கும் பொருந்துகிறது. 2018 வெள்ளத்தையும் அடுத்து வந்த வறட்சியையும் தொடர்ந்து, 2019 ஆகஸ்டில் ஏலத்தில் உச்சவிலை கிலோவுக்கு 7000 ரூபாயை எட்டியது. சில ஆண்டுகளுக்குள் சராசரி விலை 1000 ரூபாய்க்கும் கீழே இறங்கியது. குவாத்தமாலாவின் விளைச்சலும் அரபு நாடுகளின் தேவையும் போடியின் விலையை அசைக்கின்றன.

உச்சவிலையில் தோட்டம் விரிவாக்கியவரின் சாதனை வேட்கை குறைந்ததன்று, கெட்டது காலமே. கையிருப்பு வைத்துக் காத்திருக்க இயன்றவர் மீண்டார். முன்பணம் பெற்றவர் உடனே விற்க நேர்ந்தது. விலை உயர்வில் பங்கு பெறாத ஒரு பிரிவினரும் உண்டு. அவர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் மலையேறும் கூலித் தொழிலாளரும், காய்களைத் தரம் பிரிக்கும் பெண்களும் ஆவர். விலை சரிந்தால் அவர்களின் வேலைநாள்கள் குறைகின்றன.

கற்பித்தலுக்கான முன்மொழிவு

இவ்வரலாற்றிலிருந்து மூன்று பயிற்சிகளை வகுக்கலாம். முதலாவது, ஒரு மூட்டை ஏலக்காயைத் தோட்டத்திலிருந்து ஏற்றுமதியாளர் வரை பின்தொடர்ந்து, ஒவ்வொரு கைமாற்றத்திலும் உரிமையும் இடரும் யாரிடம் செல்கின்றன எனப் பதிவுசெய்தல். இரண்டாவது, நறுமணப் பொருள்கள் வாரியம் வெளியிடும் ஏல விலைகளைக் கொண்டு, 2019இல் எடுக்கப்பட்டிருக்கக்கூடிய ஒரு முதலீட்டு முடிவை அன்றைய தகவல்களால் மட்டும் மதிப்பிடுதல். மூன்றாவது, தொழில் திட்ட அறிக்கையில் இழப்பு நேர்ந்தால் அதனை யார் எவ்வளவு ஏற்பர் என்னும் பகுதியைக் கட்டாயமாக்குதல்.

முடிவுரை

மெக்லிலண்டின் மரபு, எவரும் தொழில்முனைவோர் ஆகலாம் என்னும் நம்பிக்கையைத் தந்தது. அந்நம்பிக்கையோடு தொழில் தொடங்கும் மாணவர் தோற்கும்போது, குறை தம் மனத்தில்தான் உள்ளது என்னும் முடிவுக்கே அம்மரபு அவரைத் தள்ளுகிறது. போடியின் வரலாறு வெற்றி தோல்விகளில் நிலவுரிமை, எல்லை, கடன், காலநிலை, கூட்டமைப்பு ஆகியவற்றின் பங்கைக் கணக்கில் சேர்க்கிறது. வட்டார வணிக வரலாறு மேலாண்மைப் பாடத்திற்கு வேண்டுவது ஊர்ப்பெருமைக்காக அன்று, அக்கணக்கு முழுமை பெறுவதற்காகவே.